நீல பக்கெட்டுக்கு எதிர்வீட்டில் கிடைத்த மரியாதை

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசிகளுடன் எழுதுவது. உன் அக்கா சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய்துகொள். பார்சல் அட்டையின் பின்புறத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். மாடிப்படிக்கு அடியில் அட்டை மலைபோல் கிடக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் சங்கதியே.

பிள்ளைகள் வெளியூர் போனபின் காலியாகக் கிடந்த மாடி அறைகளை நாங்கள் விருந்தினருக்கு வாடகைக்கு விடுவது நீ அறிந்ததே. உன் அக்காவுக்கு அதில் வரும் காசைவிடப் பேச்சுத்துணைதான் பெரிது. போனமுறை வந்தபோது நீ டீயைக் குடித்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "மாமா, இப்பல்லாம் ஜனங்க பூமிக்குக் கெடுதல் பண்ணாத வீடாப் பார்த்துத்தான் தங்குறாங்க. பொருள் வாங்குறதுல பொறுப்பா இருந்தா, புக்கிங் கம்பெனிக்காரங்களே வந்து பார்த்துட்டு வாசல்ல மாட்டப் பச்சை இலைப் பலகை தர்றாங்க. அது இல்லாத வீட்டுக்கு இனிமே யாரு வருவா?" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். கடைகடையாய் ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். ஒன்றில் இறங்கினால் அரைகுறையாக விடுவேனா?

அன்றைக்கே நீல பக்கெட், மக், குப்பைக்கூடை, ஃபோம் மெத்தை, நைலான் திரைச்சீலை எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே வைத்தேன். "நல்லாத்தானேங்க இருக்கு" என்றாள் உன் அக்கா. "பூமிக்கு ஆகாது" என்று வாயை அடைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றையும் காணோம். குப்பை வண்டிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்று நிம்மதியானேன். அப்புறம் ஆர்டர் போட ஆரம்பித்தேன். மர வாளி வந்தது, மூங்கில் கூடை வந்தது, நார் மெத்தை வந்தது, ரசாயனம் படாத பருத்தித் துண்டு வந்தது. ஒரு சோப்புத் தட்டு வந்த பெட்டியில் கன்றுக்குட்டி படுத்துத் தூங்கலாம், மாப்ளே. பிளாஸ்டிக்கே கூடாது என்று வாங்கிய மர வாளியைச் சுற்றி எத்தனை சுற்று பிளாஸ்டிக், எத்தனை தெர்மகோல் தெரியுமா?

சரி, பொருளாவது உருப்படியா? அந்த வாளி காய்ந்தால் ஒழுகும், நிரம்பினால் யாராலும் தூக்க முடியாது. நார் மெத்தையில் படுத்த ஒரு லாரி கம்பெனி மேனேஜர் காலையில் சட்டை போடாமல் வந்து முதுகைக் காட்டினார், கட்டம் கட்டமாகக் கணக்கு நோட்டுப் போல இருந்தது. ஷாம்புவைக் கட்டியாகச் செய்து விற்கிறார்களே, பாட்டில் வேண்டாமே என்று அதையும் வாங்கி, கவர் இல்லாததால் ஒரு சின்னத் தட்டில் அழகாக வைத்து, இடமில்லாமல் டீத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தங்க வந்த மரக்கடைக்காரர் ஒருவர் அதைப் பலகாரம் என்று நினைத்து மரியாதைக்காகப் பாதி தின்றுவிட்டு, "இனிப்புதான் கொஞ்சம் கம்மிங்க" என்றார். அவர் பேசப் பேச நுரை வருது, மாப்ளே!

இதற்கெல்லாம் பலனாக பச்சை இலைப் பலகை தரும் புக்கிங் கம்பெனி அம்மா சோதனைக்கு வந்தார். ஒரு சோதனைக்காரனையே சோதிக்கிறார்களே என்று பெருமையாக எல்லாவற்றையும் காட்டினேன். அந்தம்மா மர வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "இதுக்கு முன்னாடி இருந்த பக்கெட் எங்க சார்?" என்றார். "ஒழிச்சுட்டேன் மேடம்." "உடைஞ்சிருந்துச்சா?" "இல்லை மேடம்." "ஒழுகுச்சா?" "இல்லையே." மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டை மலையைக் குனிந்து பார்த்தார். ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், பலகை தராமலே கிளம்பிட்டார். அதுக்கப்புறம் நம்ம மாடிக்கு ஒரு ஆள் ஏறலை. உன் அக்கா கூடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இன்று காலையில். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வாசலில் பச்சை இலைப் பலகை தொங்குது! அவளும் ஓர் அறையை விருந்தினருக்கு விட ஆரம்பித்திருக்கிறாளாம். போய்ப் பார்த்தால், குளியலறையில் என் நீல பக்கெட். கைப்பிடிக்கு நான் என் கையால் கட்டிய கம்பி அப்படியே இருக்கு. என் மெத்தைக்குப் புது உறை தைத்திருக்கிறாள். என் திரைச்சீலை, கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு. "புதுசா எதுவும் வாங்கலைன்னு ரொம்பப் பாராட்டுனாங்கண்ணே" என்று என்னிடமே சொல்கிறாள். என் பொருளை வைத்து என் பலகையை வாங்கிவிட்டாள், இது பகல் கொள்ளை இல்லாமல் வேறென்ன? நீ ஞாயிற்றுக்கிழமையே வந்து அவளிடம் நியாயம் கேட்க வேண்டும். உன் அக்கா இனி அந்த வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்றும் நீதான் சொல்ல வேண்டும். இந்த விருந்தினர் தொழிலுக்கே நான் பெரிய கும்பிடு போட்டாயிற்று, மாடியைப் பூட்டிவிட்டேன்.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, எதையும் ஆர்டர் போடாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். "குப்பை வண்டிக்காரன் இல்லைங்க, நான்தான் எதிர்வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். அந்த அறை எனக்கும் அவளுக்கும் கூட்டு" என்றாள். "நீங்க வாங்குற வேகத்துக்கு நம்ம வீட்டுக்கு ஆளே வராதுன்னு பயந்துட்டேன். பேச ஆளில்லாம என்னால இருக்க முடியாதுங்க." "நான் இருக்கேனே" என்றேன். "நீங்க எங்கங்க பேசுறீங்க, சோதனைதான் போடுறீங்க" என்றாள். நான் நேரே எதிர்வீட்டுக்குப் போய், வந்திருந்த விருந்தினர் ஒருவரிடம் எதையும் சோதிக்காமல் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். உன் அக்கா சிரித்தாள். ஆகவே நியாயம் கேட்க வரவேண்டாம், சும்மா வா. மாடியைத் திறந்துவிட்டேன். வரும்போது எதுவும் வாங்கி வராதே. போகும்போது ஒரு மர வாளியைத் தூக்கிக்கொண்டு போ.