குடும்பத் தலைவருக்கு வீடு இல்லை

சாய்ந்தமருது,
2009.07.14

அன்பு மருமகன் சப்ரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மாமி நாச்சியாவும் மகள் மர்ஷூதாவும் இந்தத் தகரக் கொட்டிலுக்குள் வெந்தபடி சுகமாக இருக்கிறோம். கொழும்பில் நீயும் உன் கணினியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். கணினிக்குத் துஆ வேண்டாம் என்கிறாள் உன் மாமி. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தபோது நீ எழுதிய லைப்ரரியைப் பற்றி எனக்கு விளக்கினாய். அதில் புத்தகம் கிடையாது, மற்றவர்கள் தங்கள் கணினி வேலைகளுக்கு எடுத்துப் பாவிக்கும், தச்சனுடைய ஆயுதப் பெட்டி மாதிரி என்றாய். தகவல்கள் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும், மாவட்டம், பிரதேசம், பிரிவு, குடும்பத் தலைவர், வீடு என்று சாய்கோடு போட்டு வழியை எழுதிக் கொடுத்தால் அது ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து உள்ளே போய்க் கேட்டதை எடுத்து வரும் என்றாய். வழியில் ஏதாவது இல்லாவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டேன். "சத்தம் போடாம வெறுங்கையோட திரும்பி வரும் மாமா, அதுதான் அதுட அழகு" என்றாய். முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தவன் நான், அன்றைக்கே உன் காதைப் பிடித்திருக்க வேண்டும்.

சண்டை முடிந்து பாதை திறந்ததோடு வீட்டுத்திட்டப் பட்டியலையும் திறந்திருக்கிறார்கள். சுனாமியில் கடல் கொண்டுபோன வீட்டுக்குப் பதில் வீடு இன்னும் கிடைக்காதவர்கள் இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் பதிவைச் சரிபார்க்க வேண்டுமாம், பிறகு பட்டியலைப் பூட்டிவிடுவார்களாம். இந்தப் பட்டியலில் வீடு வராவிட்டால் நோன்புப் பெருநாள் கழிந்து உனக்கும் மர்ஷூதாவுக்கும் நிக்காஹ் கிடையாது. உன் உம்மா, என் கூடப்பிறந்த தங்கச்சி சபியா உம்மா, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "காக்கா, பொண்ணுக்கு ஊடு இல்லாம என்ட மகன எங்க கொண்டு இறக்குற? தகரக் கொட்டிலுக்கயா?" அவளைக் குறை சொல்லமாட்டேன். நானும் உன் மாமிக்கு அவள் உம்மா கொடுத்த வீட்டைப் பார்த்துத்தான் மாப்பிள்ளையாக வந்து இறங்கினேன்.

ஆகவே நேற்றுக் காலை ஆறு மணிக்கே பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். கணினிக்கு முன்னால் தர்சினி என்று ஒரு காரைதீவுப் பிள்ளை இருந்தாள். திரையின் அடியில் சின்ன எழுத்தில் உன் லைப்ரரியின் பெயரும் உன் பெயரும் கிடந்தன. இது என் மருமகன் எழுதினது என்று வரிசை முழுவதற்கும் பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் கெட்டேன். எனக்கு முன்னால் நின்ற பதினொரு ஆண்பிள்ளைகளுக்கும் வீடு என்ற இடத்தில் வெறுமையாக வந்தது. என் முறை வந்தபோது எல்லோரும் போகாமல் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"ஐயா, உங்களுக்கு வீடு இல்ல எண்டு வருது" என்றாள் தர்சினி.

"கடல் எடுத்ததாலதானே மகள் வந்திருக்கன்."

"இல்ல ஐயா, கடல் எடுக்க முதலே இல்ல எண்டு வருது."

நாச்சியாவின் பெயரைப் போடச் சொன்னேன். குடும்பத் தலைவர் என்ற பெட்டியில் நாச்சியா எனக்குள் இருக்கிறாள் என்று காட்டியது. இருபத்தெட்டு வருடம் அவளுடைய வீட்டில் நான் இருந்தேன், உன் கணினியில் அவள் எனக்குள் இருக்கிறாள். அந்தப் பிள்ளை இரக்கப்பட்டு "எங்கட அப்பாட பேர்லயும் ஒண்டுமில்ல ஐயா, எல்லாம் அம்மாடதான்" என்றபடி பிறந்த இடத்தின் வழியாக ஒருமுறை தேடிப் பார்த்தாள். உடனே வந்தது: சம்மாந்துறையில் ஒரு வீடு, சேதமில்லை. அது நான் பிறந்த வீடு, இப்போது உன் உம்மாவின் வீடு, நாளைக்கு உன் தங்கச்சிக்குப் போகிற வீடு. சேதி என்னை முந்திக்கொண்டு போயிருக்கிறது. பின்னேரம் உன் உம்மா ஓட்டோவில் வந்து இறங்கி, "என்ட மகள்ட ஊட்ட கம்ப்யூட்டரால எடுக்கப் பாக்கிறீங்களா காக்கா?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கூடக் குடியாமல் போய்விட்டாள். "மாப்பிள்ளைக்கு விருப்பமில்லாட்டி வாயால சொல்லலாமே, கம்ப்யூட்டர வச்சா சொல்ற" என்று உன் மாமி இரவு முழுக்க என்னைத்தான் கேட்டாள். மர்ஷூதா பழைய கடதாசிகளை எடுத்துக் கிளறத் தொடங்கினாள். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

மருமகன், விலாசத்தில் ஆள் இல்லை என்று நான் ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கலியாணம் முடித்தவனுடைய கடிதத்தைப் பெண்சாதி வீட்டு வாசலில் கொடுக்க எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நம்மூர்ப் பிள்ளையான நீ எழுதியதற்கு அந்தப் புத்தி எங்கே போனது? முப்பத்தோராம் திகதிக்கு முன் அதைத் திருத்து, அல்லது நேரில் வந்து வரிசைக்குப் பதில் சொல். சோதனைச் சாவடி என்ற உன் பழைய சாக்கு இப்போது செல்லாது.

உன் அறிவையும் ஆயுளையும் அல்லாஹ் நீளமாக்கி, அறிவை மட்டும் கொஞ்சம் நேராகவும் ஆக்குவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு, வீடில்லாத குடும்பத் தலைவர்,
உன் மாமா ஸைனுலாப்தீன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மர்ஷூதா இதை வாங்கி வாசித்தாள். பிறகு கடல் எடுத்த கையோடு நான் கொடுத்த பழைய வீட்டு விண்ணப்பத்தின் போட்டோப் பிரதி ஒன்றை என் முன்னால் வைத்து, "வாப்பா, இது ஆருட எழுத்து?" என்று கேட்டாள். என்னுடையதுதான். 'உமக்குச் சொந்த வீடு இருந்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருக்கிறேன். மாமியார் மகளுக்குக் கொடுத்த வீட்டை, அந்த மகள் பக்கத்தில் நிற்கும்போது, என்னுடையது என்று எழுத யாருக்குக் கை வரும்? என் எழுத்து அழகென்று தெருவில் மற்ற ஆண்களின் படிவங்களையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் அதே 'இல்லை'தான். வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டாம். மாப்பிள்ளை, மர்ஷூதா நேற்றே உங்களோடு போனில் கதைத்தாளாம். பெண்களின் பெயரில் காணி உறுதிப்பத்திரங்கள் வேறொரு பெட்டியில் அப்படியே இருந்தனவாம். ஆணிடம் வீடு இல்லையென்றால் பெண்சாதியின் உறுதிக்குப் போ என்று நீங்கள் வழி போட்டுக் கொடுக்க, இன்று காலை தர்சினி நாச்சியாவின் வீட்டைப் பட்டியலில் கண்டுவிட்டாளாம். ஏன் முதலே சொல்லவில்லை என்றேன். "நீங்க ஏசி முடியட்டும் எண்டு பாத்திட்டிருந்தன் வாப்பா" என்றாள். கடிதம் நன்றாக வந்திருப்பதால் கிழிக்க மனமில்லை, முத்திரையும் ஒட்டியாயிற்று. மேலே 'நீ' என்று எழுதியதையெல்லாம் 'நீங்கள்' என்று வாசிக்கவும். பெருநாளுக்குப் பிறகு உங்களை எந்த வழியால் தேடுவது என்று மகளிடம் கேட்டேன். பேனையை வாங்கி அவளே எழுதித் தருகிறாள்:

சாய்ந்தமருது / மர்ஷூதா / வீடு / சப்ரி