குரங்குக்கு ‘வாங்க’ சொன்னவர்

மலேசியாவின் பேரா மாநிலத்திலேயே குரங்குக்கு மரியாதை கொடுத்துப் பேசியவர் எங்கள் ஏர்கோன் அண்ணன் ஒருவர்தான். ஈப்போவில் எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர். ஏர்கோன், அதாவது குளிர்சாதனப் பெட்டி, பழுது பார்ப்பவர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. மனிதர்கள் எல்லாருக்கும், குடியிருப்புக் கமிட்டித் தலைவருக்கும்கூட, ‘வாடா போடா’தான்.

போன விடுமுறையில் லுமுட் பக்கம் ஒரு கடலோரப் பூங்காவில் கூடாரம் போட நானும் மனைவியும் கிளம்பினோம். “நானும் வாரேன்லா” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கையில் மாற்றுத் துணிகூட இல்லை, பழுது பார்க்கும் சாமான் பை மட்டும்.

கூடாரம் நிமிர்வதற்குள் ஆளைக் காணோம். தேடிப் போனால் மணலில் குப்புறப் படுத்திருக்கிறார். மூக்குக்கு நேரே, சங்கைச் சுமந்து திரியும் சின்ன நண்டு ஒன்று.

“அண்ணே, சாப்பிட வாங்க!”

“கத்தாதடா! இவரு வீடு மாத்துறாரு. பழசு பத்தலை போல.”

நண்டு பெரிய சங்குக்குள் குடியேறி முடித்த பிறகுதான் எழுந்தார். முதுகு வெந்து சிவந்திருந்தது.

அதற்குள் எங்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைத் தேடிக் குரங்கு ஒன்று வந்தது. “வாங்க, சாப்டீங்களா?” என்றார். அது பதிலுக்கு என் மனைவியின் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது.

எனக்குப் பொறுக்கவில்லை. “குரங்குக்கு ‘வாங்க’, எனக்கு ‘வாடா’வாண்ணே?”

“உன்னய நல்லாத் தெரியும்டா. அவரு யாருன்னு தெரியாதுலா!”

மறுநாள் காலையில் பாறைப் பக்கம் ஒரே கூட்டம். பழைய மீன்வலையில் சிக்கி, ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு புரண்டுகொண்டிருந்தது. கழுத்தில் வலை இறுகிக்கொண்டே போனது. பத்துக் கைப்பேசிகள் படம் பிடித்தன; ஒருவர் கட்டையைத் தூக்கினார்.

“கட்டையக் கீழ போடுடா!” என்றபடி அண்ணன் வெட்டும் குறடோடு இறங்கினார். “கொஞ்சம் பொறுங்க... ஆட்டாதீங்க...” என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினார். என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசிக் கண்ணி அறுந்ததும் உடும்பு அவர் முன்கையை ஒரு கீறு கீறிவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது.

ரத்தம் சொட்டுகிறது. அவரோ, “நாக்கு ரெண்டா இருக்குடா, பாத்தியா? எதுக்கா இருக்கும்?” என்கிறார்.

கிளினிக்கில் தமிழ் நர்ஸ் கேட்டார்: “யாருண்ணே கீறுனது?”

“அவரு வேணும்னு செய்யலம்மா. பயந்துட்டாரு.”

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். “போலீஸ்ல சொல்லணுமாண்ணே?”

நான் கும்பிடாத குறையாக உடும்புக் கதையை விளக்கித் தப்பித்தேன்.

திரும்பும் வழியில், உடும்பு நாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது.

“ஏங்க, மாட்டுவண்டி மாதிரி ஓட்டுறீங்க?” என்றாள் மனைவி.

“ரோட்டுல பள்ளமா இருக்குலா” என்றேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது.