கருத்தரங்கில் பழனியப்பண்ணன்

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிற பொறுமையை ஆண்டவன் எனக்கு வைக்கவில்லை. ஹோட்டலில் "என்னங்க இருக்கு?" என்று கேட்டு, சர்வர் வாயைத் திறப்பதற்குள் "ரெண்டு இட்லி" என்று சொல்லிவிடுகிற ரகம் நான். இந்த லட்சணத்தில் நான் கோழி டாக்டர் வேறு. நாமக்கல்லைச் சுற்றிப் பண்ணை பண்ணையாக பைக்கில் பறப்பதுதான் பிழைப்பு.

அந்த வருடம் கால்நடை மருத்துவர்களுக்கான பெரிய கருத்தரங்கு ஒன்று ஆன்லைனில் நடந்தது. கட்டுரை வாசிக்க எனக்கு எட்டு நிமிடம் கொடுத்திருந்தார்கள். என் அமர்வுக்குத் தலைமை தாங்கிய அம்மையார், ஒரு தீவனக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் ஒருவன் காதில் போட்டிருந்தான். அந்த வேலை எனக்கு வேண்டும். வெறித்தனமாக வேண்டும். பங்குனி வெயிலில் பைக் ஓட்டி ஓட்டி, முழங்கைக்குக் கீழே என் கை வேறு யாருடையதோ போலக் கறுத்துக் கிடந்தது.

ஆன்லைன் கருத்தரங்கை முழுசாகப் பயன்படுத்துவது எப்படி என்று தேடிப் படித்தேன். கேமராவைப் போடு, கேள்வி கேள், நாலு பேரிடம் அறிமுகம் செய்துகொள் என்று இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தேன். கிளினிக் மேஜையில் லேப்டாப்பில் ஓர் அரங்கு, என் போனில் ஓர் அரங்கு, மனைவி சுகந்தியின் போனில் இன்னோர் அரங்கு.

"எட்டு நிமிசம் பேசறதுக்கு மூணு மிஷினுங்களா? ஒரு எடத்துல உக்காருங்களேன்" என்றாள் போனைக் கொடுக்கும்போதே.

"மூணும் ஒரே நேரத்துல நடக்குது சுகந்தி. உட முடியுமா?"

விட முடியாததன் பலன், மாட்டு மடிநோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரிடம், முட்டை ஓடு ஏன் மெலிகிறது என்று கேட்டுவிட்டேன். (பாவம், மரியாதையான மனிதர். "நல்ல கேள்வி" என்றார்.)

என் கட்டுரை, வெயில் காலத்தில் குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் ஒரு சத்துப் பொடியைப் பற்றியது. மோகனூர்ப் பக்கம் பழனியப்பண்ணனின் பண்ணையில்தான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால், வாராவாரம் போனில் நான் கேட்பேன்.

"அண்ணா, பொடி கலக்கறீங்களா?"

"ஆமாங்க டாக்டரு."

"கோழி சாவு கொறைஞ்சுதா?"

"நல்லாவே கொறைஞ்சுதுங்க. அது வந்துங்க…"

அதற்குள் போனை வைத்திருப்பேன். வேண்டியவர் ஆசையாகக் கேட்டால், முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்திருந்தேன்.

என் முறை வந்தது. மூன்றாவது நிமிடத்தில், பண்ணையின் படத்தையும் அதன் கீழே சாவு குறைந்ததற்கான வரைகோட்டையும் காட்டினேன். பிரேக் பிடிக்காத லாரி மலையிறங்குவது போல அந்தக் கோடு இறங்கும். நானே ரசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. சாட்சாத் பழனியப்பண்ணன்! கையில் ஒரு சாக்கு. உள்ளே இரண்டு செத்த கோழிகள். அறுத்துப் பார்த்து நோய் என்னவென்று கேட்க வந்திருக்கிறார். பண்ணைக்காரர்கள் இதற்கெல்லாம் நேரம் கேட்டுக்கொண்டா வருவார்கள்?

"அட, நம்ம பண்ணைங்க!" என்றார் திரையைப் பார்த்து.

யார் அது என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. மற்றவர்களிடம் இருப்பது வெறும் படம். என்னிடம் இருப்பது உயிருள்ள பண்ணைக்காரர்! சாக்கை வாங்கிக்கொண்டு, அவரை இழுத்துக் கேமரா முன்னால் உட்கார வைத்தேன்.

பொடியை ஒரு நாளைக்கு எத்தனை வேளை கலந்தார் என்று அம்மையார் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அண்ணன் என்னைப் பார்த்தார். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களைப் பார்த்தார். பிறகு நெளிந்தார்.

"இத்தன பெரியவங்க இருக்கற சபைல பொய் சொல்லப்படாதுங்க டாக்டரு. ஒரு வேளையும் கலக்கலைங்க. டப்பா பிரிக்காமயே கெடக்குது."

"ஐயோ, அப்பறம் ஏன் ஆமான்னீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. மனசு சங்கடப்படுமில்லீங்க?"

வேலை கைநழுவுவது கண்ணுக்குத் தெரிந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, காலையிலும் மாலையிலும் இரண்டு வேளை கலந்ததாகச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், நான் காங்கேயத்துக்காரிங்க" என்றார் சுத்தமான தமிழில்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு, "நீங்க சொல்லுங்ணா, பொடியே போடாம சாவு எப்பிடிக் கொறைஞ்சுது?" என்று கேட்டார்.

"மத்தியானம் கொழாயைத் தொட்டுப் பாத்தனுங்க. கை சுட்டுப்போச்சு. அந்தத் தண்ணிய நாமளே குடிக்க மாட்டோம், கோழி எப்பிடிங்க குடிக்கும்? தொட்டியச் சுத்தி ஈரச் சாக்கு கட்டுனேன். கொழாயை மண்ணுக்குள்ள பொதைச்சேன். அவ்வளவுதானுங்க."

"இதை ஏன் டாக்டர்கிட்டச் சொல்லலை?"

"எங்கீங்க? அவருதான் போனை வெச்சர்றாரே!"

அத்தனை கட்டங்களும் சிரித்தன. என் எட்டு நிமிடம் முடிந்து, அடுத்தவருடைய நேரத்திலும் பாதியைத் தின்று அண்ணன் பேசினார். ஆழம் எவ்வளவு, சாக்கை எத்தனை தடவை நனைப்பது என்று கேள்வி மேல் கேள்வி. நான் செத்த கோழிச் சாக்கைப் பிடித்தபடி ஓரமாக நின்றிருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமா? ஒரு வாரம் கழித்து அம்மையாரிடமிருந்து மெயில் வந்தது. அவசரமாகத் திறந்தேன். பழனியப்பண்ணனின் போன் நம்பர் கேட்டிருந்தார். அடுத்த வருடக் கருத்தரங்கின் அழைப்பிதழில் சிறப்புப் பேச்சாளர் அவர்தான். "டாக்டரு பக்கத்துல இருந்தாத்தான் பேசுவேனுங்க" என்று அவர் அடம்பிடித்ததால், கீழே பொடி எழுத்தில் மொழிபெயர்ப்பு என்று என் பெயரும் இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் வாய்க்கு மதிப்பில்லை. போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்தேன். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று மிஸ் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தார். வழியெல்லாம் மகள் கெஞ்சியதால், "நல்லாப் படிக்கறாளாம், அமைதியான புள்ளையாம்" என்றேன்.

சுகந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது மிஸ் சொன்னதுங்களா, நீங்க மொழிபெயர்த்ததுங்களா?"

அவள் போனை எடுத்து மிஸ்ஸின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டு, "போங்கப்பா, உங்களையப் போயி நம்புனேன் பாருங்க" என்றாள்.