சந்தேக சாரும் கடைசி பெஞ்சும்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சந்தேக சார், சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதையே இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

ஒரகடம் பக்கத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு சமைப்பவள் நான். கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுத்த பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று தேடியவர் அவர். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தால், தன் கணக்குப் பாடத்தைக் கெடுக்கத்தான் அடிக்கிறான் என்பார். பிள்ளைகள் கை தூக்கினால் கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பார். தூக்கிய கை தானாக இறங்கிவிடும்.

கடைசி பெஞ்சு செல்வி சோற்று வரிசையில் மூச்சுவிடாமல் பேசுகிறவள். வகுப்பில் மட்டும் வாயே திறப்பதில்லை.

ஒருநாள் சார் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். பிள்ளைகள் தங்கள் வாத்தியாரைப் பற்றிப் பேர் போடாமல் சீட்டில் எழுதித் தரவேண்டுமாம். எழுதி வாங்கிய சீட்டுகளோடு நேராகச் சமையல்கட்டுக்கு வந்தார்.

"ஆயாம்மா, இதப் படி."

"நானா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ சார் நானு. பெரிய டீச்சர் கீறாங்களே?"

"அவங்க யாரு பக்கம்னு தெரியல. நீ படி."

கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் படிக்க வராது என்று சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. கூட்டிக் கூட்டிப் படித்தேன். எல்லாவற்றிலும் 'சார் நல்லவர்'.

"பொய்யி. அடுத்தது."

கடைசிச் சீட்டு வேறு மாதிரி இருந்தது. 'எனக்கு விடை தெரியும். கை தூக்கினால் சார் முறைக்கிறார். கடைசி பெஞ்சு என்றால் காப்பி அடிக்கிறோம் என்று நினைக்கிறார். இனிமேல் தூக்க மாட்டேன்.'

படித்த கையோடு அதை அடுப்பில் போட்டேன்.

"இன்னாம்மா, எரிச்சிட்ட!"

"வெச்சிருந்தா அந்தப் பொண்ண வறுத்தெடுத்துடுவீங்க."

"பொண்ணுன்னு உனக்கு யாரு சொன்னது?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"முறைக்கல ஆயாம்மா. கடைசி பெஞ்சு மங்கலா தெரியுது. யாருன்னு உத்துப் பார்க்கிறேன். இந்தச் சீட்டுகூடத் தெரியாமதான் உன்கிட்ட வந்தேன். காப்பி அடிக்கிறாங்கன்னு நான் நெனச்சதே இல்ல."

"நெனச்சதே இல்லியா?"

"ரெண்டு தபா."

"கண்ணாடி போடறதுதானே?"

"கண்ணாடி விக்கிறவன் எல்லாருக்கும் மங்கல்னுதான் சொல்லுவான். எப்படி நம்புறது?"

சனிக்கிழமை கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைக் கடைக்காரனை முதலில் படிக்கச் சொல்லி, அப்புறம்தான் இவர் படித்தார்.

கண்ணாடி வந்த அன்றைக்குச் சமையல்கட்டு வாசலிலேயே நின்றேன். சார் பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "கடைசி பெஞ்சு, உங்கள நான் முறைச்சதில்ல. கண்ணு தெரியல. வெளிய சொல்ல வெக்கப்பட்டேன். தப்பு என்னுது."

வெகுநேரம் கழித்து ஒரு கை பாதி உயர்ந்து, நின்று, முழுசாக உயர்ந்தது.

"செல்வி, சொல்லும்மா."

சொன்னாள். சரியான விடை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த மனுஷனைத் திட்ட வருஷக்கணக்காக நான் சேர்த்துவைத்த வார்த்தைகள் ஒன்றுகூட அன்றைக்கு வாயில் வரவில்லை. அவர் தட்டில் மட்டும் சாம்பாரை அடியிலிருந்து கலக்கி, கெட்டியாக ஊற்றினேன்.