நாலு மூலைக்கும் மஞ்சள்

பாசம் கூடினால் புத்தி லீவில் போய்விடும். என் கல்யாணத்துக்கு அண்ணாவுக்குக் கிடைக்காத லீவு என் புத்திக்குத் தாராளமாகக் கிடைத்தது.

அண்ணா கனடாவில், நான் சுவிஸில், பாசல் நகரத்தில். அவர் கல்யாணத்துக்கு வருவாரா என்பதுதான் என் ஒரே கவலை (மாப்பிள்ளை எப்படியும் வருவார்தானே). "பாப்பம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். பேஸ்போல் அணிகளின் படம் போட்ட பழைய தபாலட்டைகள் சேர்க்கும் பைத்தியம் அவருக்கு. அப்படி ஒன்று அனுப்பினால் மனம் இளகி டிக்கெட் எடுப்பார் என்று நினைத்தேன்.

பழைய சாமான் சந்தையில் ஒரு சுவிஸ் அம்மாவிடம் ஒன்று அகப்பட்டது. அவருடைய தாத்தாவின் தம்பி அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய் அங்கே பேஸ்போல் ஆடினவராம். அந்தக் காலத்தில் போட்டோக்காரர் ஊரூராக வந்து, உள்ளூர் அணியை நிறுத்திப் படம் பிடித்து, கேட்டவர்களுக்கு மட்டும் தபாலட்டைத் தாளிலேயே அடித்துக் கொடுப்பாராம். அந்தக் கொஞ்சத்தையும் வாசித்தவர்கள் குப்பையில் போட்டார்கள். அவர் ஊருக்கு அனுப்பிய இது மட்டும் தப்பியது, அணியில் நிற்கும் மகனின் முகத்தை எறியத் தாய்க்கு மனம் வராததால். பேரம் பேசாமல் வாங்கினேன்.

மூலைகளைத் தொட வேண்டாம், அவை கறைபடாமல் இருப்பதில்தான் இதன் மதிப்பே என்றார் அந்த அம்மா. பெரிதாகத் தலையாட்டினேன்.

வீட்டில் கல்யாண அழைப்பிதழ்க் காட்டுகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம். அண்ணாவின் காட்டுக்கு நாலு மூலையிலும் அப்பினேன். கூடப் போகிற தபாலட்டையை மட்டும் வெறுமனே அனுப்புவதா? அதற்கும் நாலு மூலை. (முன்னும் பின்னும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.)

இரண்டும் கிடைத்ததும் அண்ணா எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, மஞ்சள் பூசினது நீயோ?"

"ஓம் அண்ணா. வடிவா இருக்கோ?"

"இந்த அணியைத்தான் நான் இவ்வளவு நாளாத் தேடினனான்."

அந்த அம்மா சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. குளியலறையில் போய் அழுதேன்.

அண்ணாவுக்கு லீவும் கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைத் தோழனாகப் பெண்ணின் அண்ணா நிற்க வேண்டிய இடத்தில் சித்தியின் மகன் நின்றான். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரை எதிர்பார்த்தாய் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்பார். வீட்டுக்குப் புது டிவி வந்தாலும், "இவளைக் கிட்ட விடாதேங்கோ, மஞ்சள் பூசிப்போடுவாள்" என்பார்.

அண்ணா அந்த அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். உலகத்திலேயே மஞ்சள் பூசினது இது ஒன்றுதான், விலைக்கு இல்லை என்று வருகிறவர்களிடம் பெருமையடிப்பாராம். போன கிழமை வீடியோவில் அதைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார்.

"மஞ்சள் மங்குது பிள்ளை. ஒருக்கா வந்து திரும்பப் பூசிவிடன்."