புரிஞ்சுதுன்னு சொன்னா ஒரு நாவல்பழம்

ஒரு காட்டில் புலி ஒன்று புதிதாகக் குடிவந்தது. நல்ல காடு. அதனால்தான் புலியும் வந்தது.

அதுவரை அங்கே புலியைப் பார்த்தவர் யாரும் இல்லை. வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியாது. சர்க்கஸிலிருந்து திரும்பி வந்திருந்த கரடியைப் பிடித்து வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். கரடி கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு வந்து நின்றது.

"இங்க பாருங்க, உங்க மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். வாயிலேர்ந்து என்ன வருதோ அதான் கணக்கு. சரியா வந்தா நாவல்பழம். தப்பா வந்தா வெளியே போகணும். என்னை அப்படித்தான் பழக்குனாங்க. சைக்கிளே ஓட்டினேன்."

"சைக்கிள்ல எங்க சார் போனீங்க?" என்று கேட்டது தவிட்டி. அது ஒரு சருகுமான். ஆள் முயல் அளவு, கேள்வி மட்டும் பெரிசு.

"வட்டமா" என்றது கரடி.

பிறகு பாடம் ஆரம்பித்தது. "உடம்பெல்லாம் கோடு கோடா இருக்கும், அதான் புலி. வந்தா மரத்துல ஏறணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்!" என்று எல்லாம் சேர்ந்து கத்தின. பழம் பறந்து வந்து வாயில் விழுந்தது. குரங்குக்குச் சரி. காட்டெருமை எந்த மரத்தில் ஏறும்? அதற்கும் பழம் விழுந்தது.

தவிட்டி எழுந்தது. "எனக்குப் புரியல சார். எனக்குக் குளம்புதான இருக்கு? எப்படி ஏறுறது?"

"வெளியே போ!"

பக்கத்தில் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்த காட்டுப்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "ஏய் லூசு, புரிஞ்சுதுன்னு சொல்லித் தொலையேன். செம இனிப்பு."

"நீ மரம் ஏறுவியாண்ணே?"

"நான் எதுக்கு ஏறணும்? சொன்னா போதும்ல."

தினமும் இதே கூத்து. போகப் போகக் கரடி பாடம் நடத்துவதையே விட்டுவிட்டது. எதற்கு வீணாக? வந்ததும் நேராக "புரிஞ்சுதா?" என்று கேட்கும். எல்லாம் வரிசையில் நின்று, வாயைத் திறந்து, "புரிஞ்சுது சார்!" என்று கத்தும். பழம் விழும். எல்லாரும் பாஸ்.

தவிட்டி மட்டும் வெளியே புதர் ஓரம் நின்றது. பழ வாசனை அங்கேயும் வந்தது, வயிறும் கத்தியது. ஆனாலும் அது கேட்டது பழமா? புலியிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்றுதானே கேட்டது. அதை யாரும் சொல்லவில்லை.

மைக் சத்தம் காடு முழுக்கக் கேட்டது. பாறைக்குப் பின்னால் படுத்திருந்த புலிக்கும் கேட்டது. சேராமலேயே படித்த ஒரே மாணவன் அதுதான்.

ஒரு நாள் கரடிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வகுப்புக்கு வரவில்லை. மைக் மட்டும் கிளையில் தொங்கியது. புலி போய் அதன் முன்னால் நின்றது.

"புரிஞ்சுதா?"

எல்லாரும் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கோடு கோடாக, சந்தேகமே இல்லை, புலிதான். ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டதே. வாய் தானாகத் திறந்தது.

"புரிஞ்சுது சார்!"

வரிசை கட்டி நின்றன. காட்டுப்பன்றி முண்டியடித்து முதல் ஆளாகப் போனது. மரத்தில் இருந்த குரங்குகளும் பழத்துக்காக இறங்கி வந்தன. புலி முள்ளம்பன்றியை மட்டும் வரிசையின் கடைசிக்கு அனுப்பியது. ஒரே வார்த்தை, எவ்வளவு சாப்பாடு!

ஏப்பம் விட்டபடி வெளியே வந்த புலி, புதர் ஓரம் தவிட்டியைப் பார்த்தது.

"புரிஞ்சுதா?"

தவிட்டிக்கு உயிரே போய்விட்டது. ஆனாலும் அதற்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "புரியல சார்."

புலி திகைத்து நின்றது. இதற்கு என்ன செய்வது? பாடத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தது. சட்டென்று வந்தது.

"வெளியே போ!"

தவிட்டி போனது. அந்தக் காட்டை விட்டே போனது.

மறுநாள் கரடி வந்தது. வகுப்பு காலி. தொப்பை புடைக்கப் புலி ஒன்று படுத்திருந்தது. புலி வாயாலேயே விஷயத்தைக் கேட்ட கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சரியான வார்த்தை, சரியான நேரம், வயிறு நிறையச் சாப்பாடு! இவன்தான்டா என் பெஸ்ட் ஸ்டூடண்ட்!"

புலி அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தது. "புரிஞ்சுதா?"

கரடிக்குப் பழைய சர்க்கஸ் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

நீதி: புரியலன்னு சொல்றவனை வெளியே போகச் சொல்வாங்க. புரிஞ்சுதுன்னு சொல்றவன் உள்ளே போயிடலாம். எதுக்கு உள்ளேன்னு மட்டும் கேட்கக் கூடாது.