தெற்கே பார்த்த ஆன்டெனா

அன்புள்ள மாப்பிள்ளை கண்ணன் அவர்களுக்கு, மாமா குழந்தைசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை அமராவதியும் பசுமாடும் சௌக்கியம். அங்கே நீங்களும் அருணாவும், நான் போட்டோவில் மட்டுமே பார்த்த பேத்தி காவ்யாவும் சுகமாக இருக்க ஐயனார் துணை.

கத்தாரிலிருந்து நீங்கள் அனுப்பிய ஆன்டெனாப் பெட்டிகள் வந்தன. ஊருக்கே இலவச வைஃபை என்று சொல்லிவிட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றும் வாய்விட்டுவிட்டேன். நாற்பது வருடம் எண்ணெய் போட்டு வளர்த்த மீசை, மாப்பிள்ளை.

தெற்கே இன்டர்நெட் இருக்கிற பக்கத்து ஊர் நூலகத்து மாடியில் ஒரு ஆன்டெனா, நம்மூர் தண்ணீர் டேங்கில் ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபடியே எலக்ட்ரீஷியன் சந்தோஷ் திங்கட்கிழமை கட்டினார், சிக்னலும் வந்தது, பூசை போடாமல் யாரும் தொடக்கூடாது என்று நான் உத்தரவு போட்டேன், மறுநாள் டேங்கில் ஏறிச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டு இறங்கினால் சிக்னல் போயே போய்விட்டது. டேங்கில் வந்து உட்காரும் மயில்தான் காரணம் என்று மூன்று நாள் ஊரே முறைபோட்டுத் தகரம் தட்டியது. மயில் குன்றாண்டார்கோவில் பக்கம் போய்விட்டது, சிக்னல் வரவில்லை. வெள்ளி மதியம் சலூன்கடை மூக்கன் கூப்பிடாமலே பெட்டியோடு வந்து டேங்கடியில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அமராவதி அண்ணாந்து பார்த்தாள். “தெக்க பாத்து இருந்துச்சே, இப்ப கெழக்க பாக்குது. யாரு திருப்புனது?”

உங்களிடம் மறைப்பானேன், நான்தான். தெற்கு எமன் திசை. பச்சைப்பிள்ளை முகத்தைப் பார்க்கப்போகிற சாமான் அங்கிட்டுப் பாக்கலாமா என்று மனசு கேட்கவில்லை.

மறுபடி ஏறித் திருப்பினேன். “வந்துருச்சுங்க” என்று சந்தோஷ் கத்தினார். மூக்கனே பெட்டியை மூடிவிட்டு மலேசியாவிலிருக்கும் தங்கச்சியைக் கூப்பிட்டார். ஆடு மேய்க்கும் ராக்காயி வெளிநாட்டிலிருக்கும் தன் மகனுக்கு வீடியோவில் ஆட்டுக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர் பேசி முடியட்டும் என்று கடைசியில் நின்றேன், என் முறை வரும்போது கரண்ட் போய்விட்டது. பரவாயில்லை, நாளைக் காலையில் பேத்தியை மீசையோடு பார்ப்பேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மீசை தப்பிய மாமா,
குழந்தைசாமி

பி.கு.: காலையில் கரண்ட் வந்ததும், கவரை ஒட்டுமுன் அருணாவை வீடியோவில் கூப்பிட்டேன், நீங்கள் டூட்டியில் இருந்தீர்களாம். பேத்தி என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். “அப்பா, மீசையப் பாத்துப் பயப்படுறாப்பா” என்றாள் அருணா. மூக்கனை நானே ஆளனுப்பி வரவழைத்தேன். கால்மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

சிரித்தாள், மாப்பிள்ளை.